அவுரி இலையை எப்போது உருவுவது? முதன்முறை பயிரிடுகிறவருக்கு

திருநெல்வேலிச் சீமையில் ‘அவுரி போட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், முதலில் எந்த அவுரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று செடிகள் இந்தப் பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியூரிலிருந்து விதை வாங்கிய ஒருவர் ஆறு வாரம் வளர்த்த பிறகுதான் அது வேறு செடி என்று கண்டுபிடித்தார். எனவே அறுவடைக்கு முன்னால் பெயர்.

சாத்தான்குளம், திசையன்விளை, விளாத்திகுளம் பக்கத்து விவசாயி அவுரி என்று சொல்வது பெரும்பாலும் சென்னா. சித்த மருந்துக் கடையில் இதற்கு நிலாவாகை, சூரத்து நிலாவாகை என்று பெயர். நிலஆவாரை என்பாரும் உண்டு. வடக்கே சோனாமுகி. அரபு நாட்டிலும் சோமாலியாவிலும் தானாக வளரும் செடி இது. இந்தப் பக்கம் வந்து வேர்விட்ட பிறகு, உலக மருந்துச் சந்தையில் ‘தின்னவேலி சென்னா’ என்று நம் ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டது. எகிப்து வழியாகப் போன சரக்கு அலெக்சாந்திரியா சென்னா, தூத்துக்குடி வழியாகப் போனது தின்னவேலி சென்னா. இரண்டையும் தனித்தனி இனம் என்றே நெடுநாள் எழுதிவந்தார்கள். இப்போது தாவரவியலார் ஒரே இனமாகத்தான் கணக்கு வைக்கிறார்கள்.

சாயம் எடுக்கிற அவுரி வேறு. அதற்கு நீலி என்றும் பெயர். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரை மூன்றாவது. பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஓர் இலைக்காம்பை முழுதாக ஒடித்து நுனியைப் பாருங்கள். நுனியில் ஒற்றைச் சிற்றிலை துருத்திக்கொண்டு நின்றால் அது சாய அவுரி. ஜோடி ஜோடியாக வந்து ஜோடியிலேயே முடிந்தால் சென்னாவாகவோ ஆவாரையாகவோ இருக்கலாம். அடுத்து காம்பின் அடியைப் பாருங்கள். காது மடல்போல அகன்ற இலையடிச் செதில் இருந்தால் ஆவாரை. அதன் சிற்றிலைகளின் நுனி மழுங்கியிருக்கும். சென்னாவின் சிற்றிலை ஈட்டிபோலக் கூர்ந்து, ஐந்து முதல் எட்டு ஜோடி வரை இருக்கும். சிற்றிலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சற்றுக் கீழிறங்கியிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இனி இந்தக் கட்டுரையில் அவுரி என்று சொல்வதெல்லாம் சென்னாவைத்தான். ஊர் வழக்கை நான் விடுவதாக இல்லை.

விதைப்பது பெரிய காரியமில்லை

செம்மண், சரல், கரிசல் எதிலும் அவுரி வரும். களர் கொஞ்சம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மண்ணின் கார அமில நிலை 7 முதல் 8.5 வரை இருந்தால் போதும். அது பொறுக்காத ஒன்று தேங்கிய தண்ணீர். இரண்டு நாள் வேரடியில் நீர் நின்றால் இலை மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கும். அதனால் பிசான நெல்லுக்குத் தோதான தாழ்ந்த வயலை நெல்லுக்கே விட்டுவிட்டு, மேட்டுப் புஞ்சையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் ஆண்டு ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். பத்து சென்ட் போதும். எக்டருக்கு 15 முதல் 20 கிலோ விதை என்பது பரிந்துரை. அப்படியானால் பத்து சென்டுக்கு 600 முதல் 800 கிராம். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 என்று விட்டால் ஏறத்தாழ மூவாயிரம் செடி நிற்கும். கற்றுக்கொள்ள மூவாயிரம் செடி தாராளம். வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த கே.கே.எம். 1 ரகம் நம் பக்கத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. குஜராத்தின் ஆனந்திலிருந்து வந்த இன்னொரு ரகம் தாமதமாகப் பூப்பதற்காகவே தெரிவு செய்யப்பட்டது. தாமதமாகப் பூப்பதில் என்ன லாபம் என்பது பின்னால் விளங்கும்.

விதையின் தோல் கெட்டியானது. ஓர் இரவு நீரில் ஊறவைக்கலாம். அல்லது பெருமணலோடு சேர்த்து மெல்ல இடித்துத் தோலைக் கீறிவிடலாம். ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் ஆழம் போகக்கூடாது. மானாவாரிக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் பருவம். இறவைக்கு மாசி பங்குனி.

ஒரு சிறு தகவல். பயறு, உளுந்து போல இதற்கும் காய் பிடிப்பதால், இதுவும் வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டாது. தொழு உரம் போட்டாக வேண்டும். வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று வயலின்மேல் வட்டமடித்தால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது முட்டையிடத்தான் வந்திருக்கிறது. சில நாளில் பச்சைப் புழு இலையைத் தின்னும். பத்து சென்டில் புழுவைக் கையாலேயே பொறுக்கிவிடலாம். இலையே மருந்தாகப் போவதால், பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தால் சரக்கு திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளர்ப்பது இவ்வளவுதான். புதியவர் தோற்பது இதற்கு அப்புறம்.

அறுபது நாள் என்பது யாருடைய அறுபது நாள்?

நான் முதல் ஆண்டு தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். விதை கொடுத்தவர் ‘அறுபதாம் நாள் முதல் உருவு’ என்றார். உருவு என்றால் ஒரு தடவை இலை பறிப்பது; அந்த முதல் தடவை அறுபதாம் நாள் என்பது அவர் கணக்கு. நானும் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டேன். புரட்டாசிக் கடைசியில் காய்ந்த மண்ணில் விதைத்திருந்தேன். மழை பிந்தியது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முளை தெரிந்தது. அதிலும் பாதி மேலும் ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்த்தது. நான் விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதாம் நாள் ஆள் வைத்து உருவிக் காயவைத்து, ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுபோனேன். வியாபாரி அண்ணாச்சி சாக்குக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார்.

“தம்பி, இலையைப் பார்த்துப் பறித்தீர்களா, தேதியைப் பார்த்துப் பறித்தீர்களா?”

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான விளக்கந்தான்.

மானாவாரியில் நாளை முளைத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினாலும், ரகத்தையும் மழையையும் மண்ணையும் பொறுத்து முதல் உருவு 50 நாளிலிருந்து 90 நாள்வரை எங்கு வேண்டுமானாலும் விழும். அறுபது என்பது ‘இனி வயலுக்கு நாள்தோறும் போய்ப் பார்’ என்று சொல்லும் எண். பறிக்கச் சொல்லும் எண் அல்ல.

இலைக்குள் என்ன நடக்கிறது

அவுரி இலையை உலகம் வாங்குவது மலச்சிக்கலுக்காக. அந்த வேலையைச் செய்யும் பொருள்களுக்கு சென்னோசைடு என்று பெயர். அவற்றில் முக்கியமான ஏ, பி இரண்டையும் 1941இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் என்ற வேதியியலாளரின் குழு பிரித்தெடுத்தது. இவை வயிற்றிலும் சிறுகுடலிலும் சும்மா கடந்துபோகும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்த பிறகே வேலை செய்யும். இரவில் சாப்பிட்டால் காலையில் பலன் தெரிவது அதனால்தான்.

இனி அறுவடைக் கணக்குக்கு வருவோம். குருத்து இலையில் இந்தச் சத்தின் சதவீதம் அதிகம். இலை முற்ற முற்றச் சதவீதம் குறையும். இதை மட்டும் கேட்டவர் உடனே கொழுந்தைக் கிள்ளப் புறப்பட்டுவிடுவார். தேயிலைக்கு அது சரி. அவுரிக்கு ஆகாது. கொழுந்தில் சதவீதம் இருக்கிறது, எடை இல்லை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காம்பின் இளம் இலைகள் காய்ந்தால் ஒரு கிராம், அதில் 4 சதவீதம் சத்து. கிடைப்பது 40 மில்லிகிராம். அதே இலைகளை இன்னும் சில வாரம் விட்டால் மூன்று கிராம் ஆகின்றன, சதவீதம் 3க்கு இறங்குகிறது. கிடைப்பது 90 மில்லிகிராம். இன்னும் விட்டால் எடை கூடுவது நின்றுவிடும், சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும், அடி இலைகள் பழுத்து விழவும் ஆரம்பிக்கும். ஆக, ஏறும் எடைக்கும் இறங்கும் சதவீதத்துக்கும் நடுவே ஓர் உச்சி இருக்கிறது. அறுவடைக் காலம் என்று சொல்வது அந்த உச்சியைத்தான்.

சதவீதத்தை அடியோடு மறந்துவிடவும் முடியாது. ஐரோப்பிய மருந்துத் தரநூல் அவுரி இலைக்கு விதித்துவந்த குறைந்தபட்ச அளவு 2.5 சதவீதம். அதற்குக் கீழே போனால் எத்தனை மூட்டை இருந்தாலும் அது மருந்துச் சரக்கு ஆகாது.

ஆய்வுக்கூடம் இல்லாத நாம் அந்த உச்சியை எப்படிப் பிடிப்பது?

கண்ணும் விரலும்

முதலில் நிறம். இளம் இலை கிளிப்பச்சை. தயாரான இலையில் அந்தப் பளபளப்பு அடங்கி, நீலம் ஓடிய பச்சை ஏறியிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது வயலின் ஓரத்தில் நின்று மொத்தமாகப் பாருங்கள். தனி இலையில் தெரியாத நீலம் அப்படிப் பார்க்கையில் தெரியும். நிறம் மஞ்சளை நோக்கிப் போனால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆனால் மஞ்சளுக்கு நீர்த் தேக்கமும் காரணமாகலாம். அடி இலை மட்டும் பழுத்தால் முற்றல். பள்ளமான இடத்தில் செடி முழுதும் வெளிறினால் தண்ணீர்.

அடுத்தது தடிப்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு சிற்றிலையை வைத்துத் தேயுங்கள். இளசு குழைந்து கையில் ஒட்டும். தயாரானது விரலை எதிர்த்து நிற்கும், மெல்லிய தோல்போலப் படும். கண்ணைவிட விரலை நான் அதிகம் நம்புகிறேன். மேகமூட்டமான நாளில் நிறம் ஏமாற்றும். தடிப்பு ஏமாற்றாது.

மூன்றாவது பூ. இலைக்கணுவிலிருந்து பூங்கொத்து நீளத் தொடங்கும்போது, செடி தன் உணவை இலையிலிருந்து பூவுக்கும் காய்க்கும் திருப்பிவிடுகிறது. புது இலை விடுவது தளர்ந்துபோகும். மொட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டும்போதே முதல் உருவை முடித்துவிட வேண்டும். இலைதான் குறி என்றால், வரும் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். செடி மறுபடி பக்கக் கிளை விட்டு இலைக்குத் திரும்பும். தாமதமாகப் பூக்கும் ரகத்தின் லாபம் இப்போது புரிந்திருக்கும். உச்சிக்கும் பூவுக்கும் இடையே அது உங்களுக்குச் சில நாள் சேர்த்துத் தருகிறது.

வயலில் எல்லாச் செடியும் ஒரே நாளில் தயாராகாது. ஒரே செடியில்கூட அடி இலை முந்தும், நுனி பிந்தும். எங்கோ நான்கு செடி சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், வயலைக் குறுக்கே நடந்து இருபது முப்பது செடியைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை தடித்திருந்தால் ஆரம்பிக்கலாம்.

உருவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையால் கிளையைப் பிடித்து, மறுகையால் முற்றிய இலைகளை உருவ வேண்டும். நுனிக் குருத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த உருவுக்கு அதுதான் முதல். பனி உலர்ந்த பிறகே வயலில் இறங்க வேண்டும். மார்கழியில் அது ஒன்பது மணிக்கும் மேலே ஆகும். ஈர இலையை அள்ளிச் சாக்கில் அடைத்தால் வீடு வந்து சேர்வதற்குள் உள்ளே சூடு ஏறிவிடும்.

இரண்டாம் உருவு ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து. மூன்றாவது அதற்கும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. அப்போது இலையும் காயுமாகச் செடியையே அறுத்துவிடலாம். காயிலும் சத்து உண்டு. ஆனால் அது தோட்டில்தான் இருக்கிறது, விதையில் இல்லை. விதை பருக்கப் பருக்க, காயின் எடையில் வெற்றுச் சுமை கூடுகிறது. அதனால் மருந்துக்கான காயை, தட்டையாகப் பசுமை மாறாமல் இருக்கும்போதே எடுக்க வேண்டும். மானாவாரியில் எக்டருக்கு ஒரு டன் காய்ந்த இலையும் 75 முதல் 100 கிலோ காயும் எதிர்பார்க்கலாம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் பத்து சென்டில் எல்லா உருவும் சேர்ந்து 40 கிலோ இலை வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

மழையோடு ஒரு பேரம்

ஐப்பசியில் முளைத்த பயிர் மார்கழியில் இலை தடித்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை அப்போது ஓயும் தறுவாயில் இருக்கும். நம் மானாவாரிப் பருவம் அவுரிக்குப் பொருந்தி வருவது இதனால்தான். மழை வளர்க்கிறது, தையின் வறண்ட காற்று உலர்த்துகிறது. ஆனால் எல்லா ஆண்டும் மழை சொல்லிவைத்தபடி ஓயாது.

இலை தயாராக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, வானொலி மழை வரும் என்கிறது. என்ன செய்வது? காற்றோட்டமான கூரைக் கொட்டகை இருந்தால் இப்போதே உருவுங்கள். கொஞ்சம் எடை போகும், அவ்வளவுதான். கொட்டகை இல்லையென்றால் பறிக்காதீர்கள். செடியில் இருக்கும் இலையாவது மழைக்குப் பிறகு மிஞ்சும். பறித்த இலை மூன்று நாள் மழையில் கறுத்துக் குப்பைக்குத்தான் போகும். அழகான வழி எதுவும் இதில் இல்லை.

பறித்த பிறகும் அறுவடை முடியவில்லை

இரண்டாம் ஆண்டு நான் இலையைச் சரியாகப் பிடித்தேன். பிடித்துவிட்டு மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினேன். இரண்டே நாளில் மொறுமொறுவென்று காய்ந்தது. காய்ந்தது வைக்கோல் நிறத்தில். அண்ணாச்சி இந்த முறை கேள்வியே கேட்கவில்லை, விலையை மட்டும் சொன்னார்.

நிறம் வியாபாரியின் சாக்குப்போக்கு என்று அன்று நினைத்தேன். அது பாதிதான் சரி. பச்சை இலையில் இந்தச் சத்து ஒற்றை மூலக்கூறுகளாக இருக்கிறது. இலை மெல்ல உலரும்போதுதான் அவை இரண்டிரண்டாகக் கைகோத்து சென்னோசைடாகின்றன. இதைச் செய்பவை இலையிலேயே இருக்கும் நொதிகள். சூடு மிகுந்தால் நொதி செயலிழந்துபோகும், வேலை பாதியில் நிற்கும். எனவே உலர்த்துவது என்பது வெறுமனே ஈரத்தை விரட்டுவதன்று. மருந்தின் ஒரு பகுதி அந்தக் களத்தில்தான் உருவாகிறது.

நிழல், காற்று, மெல்லிய பரப்பு ஆகிய மூன்றும் போதும். தென்னங்கீற்றுக் கொட்டகையில் தார்ப்பாய் விரித்து, இலைமேல் இலை குவியாமல் பரப்புங்கள். முதல் இரண்டு நாள் அடிக்கடி கிளறிவிடுங்கள். கருகல் வாசனை இல்லாமல் வைக்கோல் போர் வாசனை வந்தால் சரியான பாதை. புளித்த வாடை வந்தால் பரப்பு தடித்துவிட்டது. ஏழு முதல் பத்து நாள் ஆகும். உலர்த்தும் எந்திரம் வைத்திருப்பவர்கள் 40 டிகிரியைத் தாண்டுவதில்லை. கடைசியில் ஈரம் 8 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அளக்கக் கருவி இல்லாதவர் ஒரு காம்பை வளைத்துப் பார்க்கலாம். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ‘டக்’கென்று ஒடிந்தால் சாக்கில் கட்டலாம். நல்ல சரக்கு இளம்பச்சையாகவோ பச்சைமஞ்சளாகவோ இருக்கும். அமுக்கிக் கட்டும்போது இலை தூளாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூளுக்குத் தனி விலை, அது குறைந்த விலை.

வீட்டுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைக்க நினைப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது கீரை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பெரியவர்களும் வாரக்கணக்கில் தொடர்ந்து குடித்தால் குடல் இதற்குப் பழகிப்போகும், உடலின் பொட்டாசியமும் குறையும்.

கடைசி உருவுக்கு முன் நன்றாக வளர்ந்த, பிந்திப் பூத்த இருபது செடிகளில் துணிக் கிழிசலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றை ஆள் தெரியாமல் அறுத்துவிடுவார், எனவே கூடவே நின்று காட்டுங்கள். அந்தக் காய்கள் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். ஒரு காயில் ஐந்து முதல் எட்டு விதை கிடைக்கும். துணிப்பையில் போட்டு, பையின் மேல் ரகத்தின் பெயரையும், முதல் மொட்டு வந்த தேதியையும், விரலுக்கு இலை தடித்த தேதியையும் எழுதிப் பரணில் தொங்கவிடுங்கள். அடுத்த புரட்டாசியில் நீங்கள் எண்ண வேண்டியது அந்தத் தேதிகளை.